கிழக்கு மூலையைப் பற்றி அக்காவுக்கு

ஹச்சினோஹே,
பிப்ரவரி 18

அன்பும் மரியாதையும் கூடிய ஃபுசாயே அக்காவுக்கு,

துறைமுகக் காற்றில் மீசை விறைத்துப்போகும் இந்தப் பிப்ரவரிக் குளிரில், நீயும் அத்தானும் உன் தையல் மெஷினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான், சுமிகோ, இகுமி மூவரும் நலம். கடிதம் என்றால் முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும், பிறகு நலம் விசாரிக்க வேண்டும், பிறகு இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சொந்தக் காரியம் என்று நம் அப்பா நம்மைத் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு முடிந்தது. புத்தாண்டு வாழ்த்து அட்டைக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கு மன்னித்துக்கொள். மூன்றும் முடிந்தது.

காரியம் இதுதான். இகுமியின் புதுப் பனிச்சறுக்குப் பயிற்சியாளர் மொகாமி டீச்சர், அவள் சறுக்கக் கிளம்புவதற்கு முன்னால் தடுப்புச் சுவருக்கு மேலே கையை நீட்டி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, காதோரமாக என்னவோ சொல்கிறார். நாலைந்து வார்த்தைதான் இருக்கும். உடனே இவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே போய்க் குதிக்கிறாள். அந்த நாலைந்து வார்த்தை என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பத்து மாதமாகச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய், இறங்குகிறது, ஆனால் ருசி தெரியவில்லை. மொகாமி டீச்சர் உங்கள் சென்டாயிலிருந்து வந்தவர். சென்டாயில் சறுக்குகிற பெண்களில் உன்னிடம் உடை தைக்காதவள் யார் இருக்கிறாள்? இடுப்பளவு எடுக்கிற சாக்கில், ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டுப் பார்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் நிலைமை உனக்குப் புரியும். பதினைந்து மாதத்துக்கு முன்னால் இகுமி அந்த இரண்டரைச் சுற்றுத் தாவலில் விழுந்தாள் இல்லையா, எங்கள் அரங்கத்தின் கிழக்கு மூலையில், இடுப்பு கன்றிப்போய், பனியில் விழுந்தவளுக்கே பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்தோமே, அதன் பிறகு அந்தத் தாவல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மற்றத் தாவலெல்லாம் முதுகுப் பக்கமாகப் போய்க் குதிப்பது, இது ஒன்றுதான் முகத்தை முன்னால் வைத்துக் குதிப்பது, அதனால் பயமும் முன்னாலேயே தெரியும் என்பாள். பழைய பயிற்சியாளர் இவாபுச்சி, குறிப்பெழுதும் அட்டையால் தடுப்புச் சுவரை அடித்து அடித்தே பாடம் நடத்தியவர், ஒரு நாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உனக்கு உடம்பு வளந்துடுச்சு. இனிமே அது வராது. அழகா கையாட்டவாவது கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மார்ச்சில் வேறொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு டோக்கியோ போய்விட்டார். அன்றைக்குச் செம்பேய் பிஸ்கட் போட்ட சூப்பைக் கிளறிக்கொண்டே இகுமி சொன்னாள்: "அப்பா, அடுத்த குளிர்காலத்துல ஏழாம் நிலைத் தேர்வு. அதுல பாஸாகலைன்னா ஷூவை யாருக்காவது குடுத்துடலாம். என் காலு கெட்டுப்போச்சு." அவள் அழவில்லை. நான்தான் குளியலறைக்குப் போய்த் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒரு தகப்பனால் என்ன செய்ய முடியும் சொல். எனக்குக் குதிக்கத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்ததெல்லாம் அரங்கத்துப் பனிவண்டியில் உட்கார்ந்து பனியைச் சீவி, வெந்நீர் விட்டு, தளத்தை வழவழவென்று ஆக்குவதுதான். அதையே செய்தேன். இதைக் கட்டின மனைவி சுமிகோவிடம்கூடச் சொன்னதில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்: அவள் விழுந்த நாளிலிருந்து தினமும் காலையில், மற்ற இடத்துக்கெல்லாம் ஒரு சுற்றுத் தண்ணீர் என்றால் கிழக்கு மூலைக்கு மட்டும் மூன்று சுற்று. சீவுவது கிடையாது, விடுவது மட்டும்தான். மறுபடி விழுந்தாலும் குழந்தைக்கு அடிபடாமல் மெத்தை போல இருக்கட்டும் என்று. மாதத்துக்கு ஒரு முறை ஒன்பது இடத்தில் துளை போட்டுக் கனம் அளக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, அதை நான் கண்ணாலேயே அளந்து எழுதிவிடுவேன், இருபத்திரண்டு வருஷக் கண் இல்லையா. ஹாக்கிப் பையன்கள் வந்து, "மாமா, அந்த மூலைக்கு அடிச்சா ரப்பர் தட்டு பாதியிலயே நின்னுடுது, சில நேரம் திரும்பி வருது" என்றார்கள். முதலில் ஒழுங்காக அடிக்கப் பழகுங்கடா என்று திட்டி அனுப்பினேன்.

ஏப்ரலில் மொகாமி டீச்சர் வந்தார். நாற்பது வயது இருக்கும், குள்ளம், காது இரண்டையும் மூடிய கம்பளித் தொப்பி, வாயில் எந்நேரமும் உப்பில் ஊறவைத்த ஒரு ப்ளம் பழம். முதல் நாளே அவர் செய்ததைக் கேள். இகுமியை நாலு தடவை குதிக்கச் சொன்னார், நாலு தடவையும் விழுந்தாள். ஒரு திட்டு இல்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். இவளும் விழித்துவிட்டு, "ஜில்லுன்னு இருந்துச்சு டீச்சர்" என்றாள். "சரி, நானும் பாக்கறேன்" என்று அதே கிழக்கு மூலையில் தானே போய்க் குதித்தார். அவரும் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்காமல் குப்புறப் படுத்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைப் பனியில் வைத்து ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நானும் வண்டியிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"இகுமி அப்பா, இந்த மூலையை யாரு பாத்துக்கறாங்க?"

"நான்தான் டீச்சர். ஸ்பெஷலா."

அவர் வாயிலிருந்த ப்ளம்மை மறுபக்கக் கன்னத்துக்கு ஒதுக்கினார். "ரொம்பப் பாசமாப் பாத்துக்கறீங்க" என்று சொல்லிக் குனிந்து வணங்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் என் வேலையைப் பார்த்து இப்படி வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் மறுநாள் என்ன செய்தார் தெரியுமா? இகுமியை மேற்குப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் முழுவதையும் தலைகீழாகத் திருப்பி, கிழக்கே இருந்த தாவல்களையெல்லாம் மேற்கே மாற்றி, கிழக்கு மூலையில் வெறுமனே கையாட்டிக்கொண்டு திரும்பி வருகிற மாதிரி செய்துவிட்டார். நான் அரும்பாடுபட்டு மெத்தை போட்டு வைத்திருக்கிற மூலை அநாதையாகக் கிடக்கிறது. போய்க் கேட்டேன்.

"மேற்கே என்ன விசேஷம் டீச்சர்?"

"அங்க காத்து நல்லா வருது."

கூரை போட்ட அரங்கத்துக்குள் என்ன காற்று? இருந்தாலும் டீச்சர் சொல்கிறார் என்று ஈர விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தக் காதோரப் பேச்சு தொடங்கியது. கேட்டுவிடலாம் என்று வண்டியை அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டிப் பார்த்தேன், என் வண்டி இன்ஜின் போடுகிற சத்தத்தில் எனக்கு என் இருமலே கேட்காது. உதட்டசைவைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் எட்டிக் குனிந்ததில் தடுப்புச் சுவரில் இடித்து விளம்பரப் பலகை ஒன்றும் நானும் கீழே விழுந்தோம், டீச்சரே ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டு, "வலிக்குதா, இகுமி அப்பா?" என்று ஒரு ப்ளம்மைக் கையில் வைத்துவிட்டுப் போனார். இகுமிக்குக் கணவாய் சுட்டுக் கொடுத்துக் கேட்டேன். கணவாயைத் தின்றுவிட்டு, "அது எனக்கும் டீச்சருக்கும் நடுவுலப்பா" என்றாள். மந்திரமா, வேடிக்கைக் கதையா, என்னைப் பற்றிய கிண்டலா? சுமிகோவிடம் புலம்பினேன். மீன் சந்தையில் பத்து வருஷம் கத்திக் கத்தியே பழகிய தொண்டை, அவள் சொன்னாள்: "உங்களுக்கும் தெரியணும்னா சத்தமாச் சொல்லியிருப்பாங்க. பேசாமப் போய்த் தண்ணி விடுங்க." நான் போய்த் தண்ணீர் விட்டேன்.

பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து வருஷம் நான் தூக்கி வளர்த்த பெண், நான் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் விழுகிற ஒவ்வொரு தடவையும் மொகாமி டீச்சர் ஒன்றை மட்டும் அரங்கமே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார்: "உன் கால்ல ஒரு கோளாறும் இல்ல. எந்திரி!" ஜூன் மாதம் வரை இகுமி அதை நம்பவில்லை. ஜூலையில் பாதி நம்பினாள். அக்டோபரில் ஒரு நாள் விழுந்து எழுந்தவள், டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கும் நான் வண்டியிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அரங்கத்திலேயே தேர்வு. மூன்று நடுவர்கள், மூன்று பேரும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் பக்கம் பனி வாரும் மண்வெட்டியோடு நின்றேன். டீச்சர் அவள் கையைப் பிடித்தார். அந்த நாலைந்து வார்த்தை. இகுமி சிரித்தாள், என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், போனாள். மேற்கு மூலை. முகத்தை முன்னால் வைத்து ஏறினாள், சுற்றினாள், நின்றாள் அக்கா! ஒற்றைக் காலில், கோணல் இல்லாமல், சும்மா வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றாள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் மொகாமி டீச்சரும் கூடவே குதித்ததில் தொப்பி பறந்து நடுவர் மேஜையில் விழுந்தது. பாஸ். முடிந்ததும் இகுமி வழக்கம்போலப் பனியைக் குனிந்து வணங்கினாள், பிறகு என்னையும் ஒரு தடவை வணங்கினாள். ஷூ எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் வட்டாரப் போட்டி, அதுவும் எங்கள் அரங்கத்தில்தான். டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்று மூன்று நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவர்களுக்கு மேற்கு மூலைதான் பிடிக்கிறது என்றால் நான் ஏன் வீம்பு பிடிக்க வேண்டும்? நாளைக் காலையிலிருந்து மேற்கு மூலைக்கும் அதே மூன்று சுற்றுக் கவனிப்பு.

அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல். சுமிகோ காயவைத்த கணவாய் ஒரு கட்டு இத்துடன் வருகிறது. உன் ஊசியில் நூல் அறாமலும் உன் வீட்டுக் கூரையில் பனி கனக்காமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி
தமோத்சு

பின்குறிப்பு (பிப்ரவரி 20): கடிதத்தைத் தபாலில் போடத் தாமதமாகிவிட்டது, அதுவும் நல்லதாகப் போயிற்று. நேற்றுக் காலை வண்டி மக்கர் செய்ததால், குழாயைக் கையாலேயே இழுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனேன். தண்ணீர் பனியில் விழுந்ததுதான் தாமதம், பத்து மாதத்தில் ஒருவரையும் அதட்டாத மொகாமி டீச்சர், "ஐயோ, வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே இகுமி. "என்ன டீச்சர்?" என்றேன். அவர் மூச்சு வாங்க நின்று, "இல்ல... இந்த மூலையோட நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். இகுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் போன பிறகு துளைக்கருவியையும் அளவுகோலையும் எடுத்தேன். நடுவில் மூன்று சென்டிமீட்டர். மேற்கே மூன்று. கிழக்கே ஆறரை! அடியில் ஓடும் குழாயின் குளிர் மேலே எட்டாமல், அந்த மேட்டில் பனி ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. அதில் ஷூவின் கத்தியை ஊன்றி யார்தான் எழும்ப முடியும்? அவள் காலில் ஒரு கோளாறும் இல்லை அக்கா. கோளாறு நான்தான்.

காரில் இகுமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீச்சருக்கு முதல் நாளே தெரியுமாம். மேலதிகாரியிடம் சொன்னால் என் வேலை போகும், என்னிடம் சொன்னால் என் மனசு போகும் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆட்டத்தையே திருப்பிவிட்டார்களாம். காதோரத்தில் சொன்னது இதுதான்: "மேற்கே போ. கிழக்கு அப்பாவோட மூலை." நான் டீச்சர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். இகுமி பதறிப்போய்ச் சொன்னாள்: "வேண்டாம்பா! உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு பத்து மாசமா அவங்க படாத பாடு பட்டிருக்காங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சீவுங்க. ஒரேயடியாச் சீவினா, உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

இன்று ஒரு மில்லிமீட்டர் சீவினேன். டீச்சர் அந்தப் பக்கம் வந்து, "மூலை நல்லாருக்கு, இகுமி அப்பா" என்றார். நானும், "ஸ்பெஷலாப் பாத்துக்கறேன் டீச்சர்" என்றேன். சென்டாயில் நீ யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்.