மார்ஜுனின் அத்திமரம்

பன்னிரண்டு நாளாக மார்ஜுன் தோற்றுக்கொண்டிருந்தார். கினபாத்தாங்கன் ஆற்றில் படகோட்டி, வீட்டில் தங்க வரும் விருந்தாளிகளுக்குக் காட்டு விலங்குகளைக் காட்டுவதில் அவருக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். மனைவி ரோசினா படகு ஓட்டத் தொடங்கி எட்டு மாதம்தான். ஆனாலும் விலங்குகளுக்கு அவள் படகைத்தான் பிடித்திருந்தது.

அன்று காலை அவள் படித்துறையில் அவருடைய துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தபோது சவால் விட்டார்.

"இன்னிக்குச் சாயங்காலம் யாரு முதல்ல ஒராங்குட்டான் காட்டுறாங்களோ, அவங்கதான் ஜெயிச்சவங்க. தோத்தவங்க ஒரு மாசம் துணி துவைக்கணும். விருந்தாளிங்க போர்வை உள்பட."

"இப்ப மட்டும் யாரு துவைக்கிறாங்களாம்?"

"அதான் சொல்றேன். தோத்தாலும் உனக்கு நஷ்டமே இல்ல."

"அடேயப்பா, என்ன தாராளம்!" அவருடைய சட்டையை உதறி, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "சரி, ஒத்துக்கிட்டேன்."

மார்ஜுனுக்குச் சிரிப்பு முட்டியது. ஆற்றின் பழைய வளைவு தனியே பிரிந்து உண்டான ஏரியின் கரையில் ஓர் அத்திமரம் பழுத்துக் குலுங்குவதும், பெரிய ஒராங்குட்டான் ஒன்று மூன்று நாளாக அதில் குடியிருப்பதும் இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு படகும் கிளம்பின.

"ஆத்துல கீழ்ப்பக்கம் ஒண்ணு நடமாடுதாம். நீ அங்க போ," என்றார் கரிசனமாக.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசுங்க!"

அவள் ஆற்றோட்டத்தோடு கீழே போனாள். அவர் மேலே போனார். வழியில் மூக்கன் குரங்குக் கூட்டம். எண்ணாமல் கடந்துபோக அவரால் முடியாது. பத்தொன்பது. அதற்குள் ஒன்று கிளை தாவியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருபது. நோட்டில் குறித்துக்கொண்டு ஏரியின் மேல்வாய்க்கு வந்தார். மோட்டாரை அணைத்தார். உதட்டில் விரல் வைத்து விருந்தாளிகளை அடக்கிவிட்டுத் துடுப்புப் போட்டு உள்ளே நுழைந்தார்.

அத்திமரத்தடியில் ரோசினாவின் படகு நின்றது. ஆறு காமிராக்கள் அண்ணாந்திருந்தன.

"உஷ்! சத்தம் போடாதீங்க," என்றாள், உதட்டில் விரல் வைத்து. "சாப்பிடறான்."

"நீ... நீ கீழதானே போனே?"

"மழைத்தண்ணி ஏறி ஏரியோட கீழ்வாயும் ஆத்தோட சேர்ந்திருக்கே! அது வழியா வந்தேன்."

"அது இருக்கட்டும். இந்த மரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க துணிதான் சொல்லுச்சு. கால்சட்டையில ஏரிச்சேறு, தோள்ல அத்திப்பழக் கறை. மூணு நாளாத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே போச்சு."

மேலிருந்து பாதி கடித்த பழம் ஒன்று சொத்தென்று அவர் தோளில் விழுந்தது.

"பரவால்லீங்க," என்றாள் ரோசினா. "இனிமே துவைக்கப் போறது நீங்கதானே. எவ்வளவு ரகசியம் வேணும்னாலும் தைரியமா வச்சுக்கங்க."