ஆம்ப்ளிஃபயர் வைத்து ஜெர்மன் படித்த மைக்செட்

உலகத்தில் எத்தனையோ பேர் ஜெர்மன் கற்றிருப்பார்கள். ஒரு தெருவையே கூடச் சேர்த்துக்கொண்டு கற்றவர் எங்கள் மைக்செட் ஒருவர்தான். திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் எங்கள் தெருவில் அந்த வருடம் ஜெர்மன் காதில் விழாமல் தப்பித்தவர் யாரும் கிடையாது. கீரை விற்க வந்தவர், சிலிண்டர் போட வந்தவர், வாடகைக்கு அறை பார்க்க வந்து "இங்கே அமைதியாகத் தியானம் செய்ய முடியுமா?" என்று கேட்டவர், எல்லோருக்கும் ஒரு பாடம் இலவசம். கடைசியாகச் சொன்னவர் அறையைப் பார்க்காமலே போய்விட்டார்.

மைக்செட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. அது அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள்கூட உறையின்மேல் ‘மைக்செட் குடும்பத்தார்’ என்றுதான் எழுதுவார்கள். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, எதுவானாலும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான். பௌர்ணமி தோறும் அடி அண்ணாமலையில் ஓர் அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து, கிரிவலக் கூட்டத்தில் தொலைந்தவர்களைப் பற்றி அறிவிப்பார்.

"பெயர் முனியம்மாள். ஊர் போளூர். பச்சைப் புடவை அணிந்துள்ளார். இவரைத் தேடி வந்தவர்கள் உடனடியாகப் பந்தலுக்கு வந்து அழைத்துச் செல்லவும்."

அந்தக் குரலைக் கேட்டால், தொலையாதவர்களுக்கும் ஒரு தடவை தொலைந்து பார்க்கலாமா என்று ஆசை வரும்.

மைக் கையில் இருந்தால்தான் இதெல்லாம். இல்லாவிட்டால் மனிதர் வாயில் கொழுக்கட்டை. டீக்கடையில் டீ கேட்கக்கூட மாட்டார், கையைத்தான் காட்டுவார். அவருடைய கடைக்கு யாராவது வந்தால், மேஜைமேல் கிடக்கும் மைக்கை எடுத்து, ஆன் செய்து, விரலால் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்று சொல்லிவிட்டுத்தான் எதிரில் நிற்பவரிடம் "வாங்க, உக்காருங்க" என்பார். தன் சொந்தக் கல்யாணத்துக்குத் தானே மைக் பிடித்து, "மணமகன் உடனடியாக மணமேடைக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டு, ஓடிப்போய் மணமேடையில் உட்கார்ந்தவர் அவர்.

அவர் மனைவி கௌரி அண்ணி நர்ஸ். "பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்தை பேசலை. அடக்கமான ஆளுன்னு நம்பிட்டேன். அன்னிக்கு கையில மைக் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணி சாமர்த்தியசாலி. வேலைக்குப் போய்க்கொண்டே ஜெர்மன் படித்து, தேர்வெல்லாம் எழுதி, அந்த நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கி விமானம் ஏறிவிட்டார். பின்னாலேயே இவரும் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு இவர் ஆரம்ப நிலை ஜெர்மன் தேர்வில் தேறவேண்டும் என்று விசா கொடுப்பவர்கள் சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை சென்னைக்குப் போய் எழுத்துத் தேர்வை நன்றாகவே எழுதினார். பேச்சுத் தேர்வுக்கான அறையில் மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது, தேர்வு நடத்தும் அம்மா இருந்தார். மைக் இல்லை. வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் எனக்கு வரவேற்பறை வேலை. ஜெர்மன்காரர்கள் நிறைய வந்து தங்குகிறார்களே, நாலு வார்த்தை பேசினால் என்ன என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் மாலை போனைத் திறந்தால், குட்டிக் குட்டிக் கட்டங்களில் முகங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய மைக். அதற்குப் பின்னால் எங்கள் எதிர்வீட்டுக்காரர்!

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்..."

இது என் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. போன் ஸ்பீக்கரில் சத்தம் கம்மி என்று அவர் வகுப்பையே ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஆளுயரப் பெட்டியில் விட்டிருந்தார். டீச்சர் கோயம்புத்தூர்க்காரர், பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கும் சோதனை வந்தது.

"ஏனுங்க, அந்த மைக்கைக் கொஞ்சம் மியூட்ல போடுங்க."

மைக்செட்டின் முகம் வாடிவிட்டது. "டீச்சர், எத்தனையோ மேடை பாத்திருக்கேன். மைக்கை ஆஃப் பண்ணுன்னு என்னைப் பாத்து யாரும் சொன்னதில்ல. பேச்சாளரைத்தான் உக்காருன்னு சொல்வாங்க!"

அப்புறம் என்ன? டீச்சர் கேள்வி கேட்டால், வகுப்பில் யாரும் வாயைத் திறப்பதற்குள் தெருவிலிருந்து பதில் வந்தது. தெருவில் டீக்கடை வைத்திருக்கும் பாய் ஜெர்மனில் மாலை வணக்கம் வைத்து, "கூட்டன் ஆபன்ட், டீ ஸ்ட்ராங்கா லைட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார். துணி காயப்போடும் பெண்கள் மொட்டை மாடிக்கு மாடி ஜெர்மனில் எண்ணினார்கள். நான் காசு கட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பாய் சும்மா டீ ஆற்றிக்கொண்டே என்னை முந்திக்கொண்டு போனார். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

வகுப்பில் முக்கியமான பாடம், தன்னைப் பற்றிச் சொல்வது. பெயர், வயது, ஊர், தொழில் சொன்னால் போதும். மைக்செட் எழுந்து நின்றார். குரலைச் செருமிக்கொண்டார். ஜெர்மனில் பெயர், வயது, ஊர் சொன்னார். அதற்குப் பிறகு "என் சட்டை நீலம்" என்றார்.

"சட்டைக் கலரை யாருங்க கேட்டாங்க?" என்றார் டீச்சர்.

"கேக்க மாட்டாங்க டீச்சர், நாமதான் சொல்லணும். சொல்லலன்னா ஆளை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றவர், கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார். "வந்து அழைத்துச் செல்லவும். அதுக்கு ஜெர்மன்ல என்ன சொல்றது?"

டீச்சர் பாவம், சொல்லிக்கொடுத்துவிட்டார். "பிட்டெ ஹோலன் ஸீ மிஷ் அப்." அன்றிலிருந்து மைக்செட் தன்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், தன்னைத் தொலைத்துவிட்டு, தானே அறிவிப்பும் கொடுத்தார். மாற்றவே முடியவில்லை. கிரிவலப் பாதையில் ஊறிய வாய் அது.

ஒரு நாள் வகுப்பின் நடுவில் கரண்ட் போனது. போனில் சார்ஜ் இருந்தது, கட்டத்தில் அவர் முகம் தெரிந்தது. ஆனால் மைக் செத்துவிட்டது. டீச்சர் கேட்கிறார், கேட்கிறார், இவர் விழிக்கிறார். எனக்குப் பகீரென்றது. மறுநாள் காலை கடைக்குப் போனேன்.

"அண்ணா, பரீட்சையில மைக் தர மாட்டாங்க. என்ன பண்ணப் போறீங்க?"

அவர் மைக்கை எடுத்தார். வழக்கம்போலத் தட்டினார். பிறகு, நான் அதுவரை பார்த்தே இராத ஒன்றைச் செய்தார். வால்யூமைக் குறைத்தார்.

"தங்கச்சி... இந்த வாட்டியும் போச்சுன்னா, அவ வேலையை விட்டுட்டு வந்துடறேன்னு சொல்றா. தனியா இருக்க முடியலையாம். அழறா. ஆசைப்பட்டுப் போன வேலை அது. என் ஒருத்தன் வாயால அவ திரும்பி வரக்கூடாது."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேரே பாய் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அன்றே சிகிச்சை ஆரம்பம். மைக்குக்குப் பதிலாகக் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தோம். வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பேஸ் கம்மி" என்று திருப்பிக் கொடுத்தார். டார்ச் லைட்டைக் கொடுத்தோம், முகத்தில் அடித்துக்கொண்டார். வெள்ளரிக்காயைக் கொடுத்தோம். தின்றுவிட்டார்.

"ஜெர்மனி போற ஆளாய்யா நீ?" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

பரீட்சை நெருங்கிவிட்டது. டீச்சர் மாதிரிப் பேச்சுத் தேர்வு வைத்த மாலை, பார்த்தால் பௌர்ணமி! நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, கிரிவலம் நடந்துகொண்டே வகுப்பில் இருந்தேன். ஒரு காதில் சிவநாமம், மறு காதில் ஜெர்மன். மைக்செட்டோ அடி அண்ணாமலைப் பந்தலில் கடமையில் இருந்தபடியே வகுப்பிலும் இருந்தார். நான் பந்தலை நெருங்கும்போது டீச்சர் அவர் பெயரைக் கூப்பிட்டார்.

மனிதர் போனைப் பார்த்தார், வழக்கம்போல மைக்கைத் தூக்கினார். அது பாதை நெடுகக் கட்டியிருந்த அத்தனை கூம்புகளிலும் உயிரோடு இருக்கிற மைக் என்பதை மறந்தே போனார்.

"ஹலோ... ஹலோ... இஷ் ஹைஸெ..."

அண்ணாமலையாரே! பெயர், வயது, ஊர், நீலச் சட்டை, வந்து அழைத்துச் செல்லவும், அத்தனையும் கணீரென்ற ஜெர்மனில் மலையைச் சுற்றி ஒலித்தது. ஜனங்கள் நின்றுவிட்டார்கள். "ஐயோ பாவம், யாரோ வெள்ளக்காரரு தொலைஞ்சிட்டாரு போல" என்று ஒரு அம்மா உச்சுக் கொட்டினார்.

சிறிது நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வெள்ளைப் பருத்திச் சேலை கட்டிய ஒரு ஜெர்மன் அம்மா பந்தலுக்கு வந்து சேர்ந்தார். ஆசிரமத்துப் பக்கம் பல காலமாக இருப்பவர். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் வாழைப்பழச் சீப்பு. தொலைந்துபோன தன் நாட்டுக்காரருக்காகப் பதறிப்போய் வாங்கி வந்திருக்கிறார்! தொலைந்தவர் எங்கே என்று ஜெர்மனில் கேட்டார்.

மைக்செட் தன் நீலச் சட்டையைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். "இஷ்!" என்றார். நான்தான்!

எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று அந்த அம்மா கேட்டார்.

"டாய்ச்லாண்ட். பிட்டெ." ஜெர்மனிக்கு, தயவுசெய்து!

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் வாழைப்பழச் சீப்பே ஆடியது. மைக்செட் மேடையிலிருந்து குதித்து இறங்கினார். என் மனைவி அங்கே நர்ஸ், அவள் பெயர் கௌரி, அவள் நன்றாகச் சமைப்பாள், அங்கே குளிர் ஜாஸ்தி என்று அவருக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் கொட்டினார். கை இரண்டும் காற்றில் ஆடின. மைக் மேஜைமேல் கிடந்தது. என் காதில் டீச்சர், "அய்யோ, பேசறாருங்க! பேசறாருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். இதற்கிடையில் ஆரணியிலிருந்து வந்து நிஜமாகவே புருஷனைத் தொலைத்த ஒரு பெண் மேஜையைத் தட்ட, நான்தான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, அந்தப் புருஷனின் சட்டை நிறத்தை ஊருக்குச் சொன்னேன்.

பரீட்சைக்கு நானும் அவரும் ஒரே பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். பேச்சுத் தேர்விலும் ஒரே குழு. நான் என் பங்கைச் சொல்லி முடித்தேன். அவர் முறை வந்தது. தேர்வு நடத்தும் அம்மா தலையசைத்தார். மைக்செட்டின் கை தானாக வாய்க்கு முன்னால் உயர்ந்தது. விரல்கள் மூடின. உள்ளே ஒன்றுமில்லை. போச்சு, அண்ணி மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

மைக்செட் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அதே நீலச் சட்டை. மூடிய வெறும் முஷ்டியை மறு கை விரலால் தட்டினார்.

"ஹலோ... ஹலோ..."

பிறகு கடகடவென்று வந்தது. பெயர், வயது, ஊர், தொழில், சட்டை. கடைசியில், "என் மனைவி கௌரி ஜெர்மனியில் இருக்கிறாள். கௌரி, தயவுசெய்து வந்து என்னை அழைத்துச் செல்" என்று முடித்தார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மற்ற கேள்விகளுக்கும் மைக்செட் அந்த முஷ்டியை இறக்காமலே பதில் சொன்னார். ஒரு கேள்விக்கும் தயங்கவில்லை.

தேறிவிட்டார்! செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அவர் போட்ட சத்தத்தில் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் ஃபைல்கள் ஆடியிருக்கும். பாய் அன்று யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை.

அவர் போய் இறங்கிய அன்று ஒரு வீடியோ வந்தது. விமான நிலையத்தில் நீலச் சட்டையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு, அவர் பெட்டியைத் தள்ளிவருகிறார். எதிரே கௌரி அண்ணி முஷ்டியை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "ஹலோ... ஹலோ... திருவண்ணாமலையைச் சேர்ந்த, நீலச் சட்டை அணிந்த..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதுவிட்டார். இவர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

பௌர்ணமிகளில் இப்போது அந்தப் பந்தலில் வேறொருவர் அறிவிக்கிறார். நல்ல குரல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது, தொலைந்தவரின் சட்டை நிறம் சொல்லும்வரை நான் நின்று கேட்கிறேன். நீலம் என்றால் மட்டும், பந்தல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு நடக்கிறேன்.