ஸ்டியரிங் நேர்த்தி

பத்மநாதன் குடியை விட்டுவிட்டார். அதற்கு முன்பே குடி அவருடைய லைசென்ஸைப் பறித்துக்கொண்டு போய்விட்டது என்பது வேறு கதை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சாமத்தியவீடு; பெரியபிள்ளையானவளுக்குச் சடங்கு, இவர் தனியாகத்தான் போயிருந்தார். மேசைக்கு மேலே வடை, மேசைக்குக் கீழே போத்தல். "ஒண்டே ஒண்டு" என்று உட்கார்ந்த மனுசன், செவன் கிங்ஸ் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பொலிஸ்காரன் நீட்டிய குழாயில் ஊதினார். மெசின் அழாத குறை. காரை ரோட்டோரம் விட்டுவிட்டுப் பொலிஸ் வானில் ஏறினார். பதினாறு மாதம் கார் ஓடக்கூடாது என்றது கோர்ட். மூன்று சனிக்கிழமை குடி வகுப்புக்குப் போய் ஒழுங்காக முடித்தால் நாலு மாதம் கழிவு என்றும் சொன்னது.

நீதவானுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற மனுசன், வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார். உள்ளே இருப்பது மனைவி செல்வமலர். ஊரில் யார் வீட்டில் யார் குடித்தாலும் "எங்கட ஆள் அப்பிடியில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற மனுசி. அவவிடம் எந்த வாயால் சொல்லுவது?

"என்னப்பா, காரை எடுங்கோ. மீன் வாங்கவேணும்."

"நான் ஓடேல்லை, மலர்."

"ஏன்?"

அந்த ஒற்றை ஏனுக்கு வாய்க்குள் வந்து நின்றது அம்மன்தான்.

"வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு நேர்த்தி வைச்சிட்டன். எங்கட பிள்ளை மேனுஷாவின்ர கலியாணம் சரிவருமட்டும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டன் எண்டு."

"நீங்களோ?"

"நான்தான்."

"அம்மனுக்கோ?"

"பின்னை, ஆருக்கு?"

செல்வமலர் அவரை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு கார்த் திறப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமித்தட்டில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தா. "இனி இது அம்மன்ர சாமான்" என்றா. பத்மநாதனுக்கு அப்பாடா என்றிருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

மெச்சியது ஒரு கிழமைக்குத்தான் தாங்கியது. செல்வமலர் கார் ஓடுகிற விதம் அப்படி. முன்னால் போகிற பஸ்ஸை முந்த மாட்டா. பின்னால் வருகிற சைக்கிளுக்கும் வழி விடுவா. பக்கத்துச் சீட்டில் இருந்த பத்மநாதன் இல்லாத பிரேக்கை மிதிப்பார், இல்லாத கியரைப் போடுவார், இருந்த இடத்திலேயே நெளிவார்.

"ஏனப்பா கால் உதறுது?"

"ஒண்டுமில்லை. நீர் ஓடும்."

"அம்மனை நினைச்சுக்கொண்டு இருங்கோ."

அம்மனை நினைத்தால்தான் உதறலே கூடியது. முப்பது வருசமாக லண்டன் ரோட்டெல்லாம் தன் உள்ளங்கையில் என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனுசன். எப்படியாவது அந்த நாலு மாதக் கழிவை வாங்கிக்கொண்டு மறுபடி ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறிவிடவேண்டும். இரவும் பகலும் இதே நினைப்புத்தான்.

சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னார். நல்ல வசதி, ஒரே ரயில்தான் வெஸ்ட் ஈலிங்வரை போகும். இவர் பாதியிலே ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கி வகுப்புக்குப் போவார். திரும்பும்போது பொக்கற்றில் இருந்த திருநீற்றை ரயில் கண்ணாடியைப் பார்த்துப் பட்டையாகப் பூசுவார். பக்தி முற்றிவிட்டது என்று நம்ப ஆள் இருக்கும்போது பூசுகிறவருக்கு என்ன குறை?

இரண்டாவது சனி, செல்வமலர் வாசலில் மறித்தா.

"வெறுங்கையோட போறதோ? இந்தாங்கோ, தேங்காய். இந்தப் பாலையும் அபிஷேகத்துக்குக் குடுங்கோ."

இப்படித்தான் பத்மநாதன் ஒரு தேங்காயும் இரண்டு பெரிய பால் போத்தலுமாகக் குடி வகுப்புக்குள் நுழைந்தார். படிப்பிக்கிற ஜூடித் அம்மா பாலைப் பார்த்துவிட்டுப் பூரித்துப் போனா. சாராயத்தை விட்டவர் பாலோடு வந்திருக்கிறார், எல்லோரும் கை தட்டுங்கள் என்றா. இடைவேளைத் தேத்தண்ணி முழுக்க அம்மனுடைய பாலில்தான். பத்மநாதன் தன் கோப்பையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார்.

பிறகு ஜூடித் ஒரு வெறும் கிளாஸையும் தண்ணீரையும் முன்னால் வைத்தா. வீட்டிலே ஒன்று எடுப்பது என்றால் எவ்வளவு, ஊற்றிக் காட்டுங்கள் என்றா. சபையில் மரியாதையாக இருக்கட்டும் என்று பத்மநாதன் கையை அடக்கித்தான் ஊற்றினார். ஜூடித் அளந்து பார்த்தா.

"இது நாலு."

"எங்கட ஆக்களுக்கு இது ஒண்டு."

"எத்தனை ஆக்களுக்கு?"

வகுப்பே சிரித்தது. பத்மநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒன்றைப் போட்டுவிட்டு எத்தனை தரம் பிள்ளையை டியூஷனிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம் என்று விரலில் எண்ணத் தொடங்கி, பாதியிலே கையை மடக்கிக்கொண்டார். அன்றைக்கு விட்டதுதான் உண்மையில் விட்டது.

வீட்டில் விசாரணை தொடங்கியது.

"பால் குடுத்தனீங்களோ?"

"குடுத்தன்."

"ஆர் வாங்கினது?"

"ஒரு அம்மா."

"சனம் எப்பிடி?"

"பத்துப் பேர் வரும்."

"சனிக்கிழமையில பத்துப் பேரோ?"

"எல்லாரும் ஒரே மாதிரி நேர்த்திக்காரர்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்மநாதன் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வகுப்பு முடிந்தது, கழிவு கிடைத்தது, ஒரு வருசமும் ஓடியது. லைசென்ஸும் தபாலில் வந்து சேர்ந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாமித்தட்டுக்குக் கை நீட்டினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"போதும் மலர், காணும். வருசம் ஒண்டாச்சு. அம்மனுக்கு விளங்கும்."

"மேனுஷாவுக்கு இன்னும் சரிவரேல்லையே. பிள்ளையின்ர வாழ்க்கையில விளையாடுறியளோ?"

மேல் மாடியிலிருந்து மேனுஷா கத்தினாள்: "அப்பா, முப்பத்தைஞ்சுக்கு முதல் கலியாணக் கதை எடுக்கவேண்டாம்."

அவளுக்கு வயது இருபத்தாறு. பத்மநாதன் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். அந்த ஒன்பது வருசமும் பக்கத்துச் சீட்டு. முந்தாத பஸ். இல்லாத பிரேக். அதற்குப் பதில் மானம் போனாலும் பரவாயில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

"மலர், இரும். நேர்த்தியும் இல்லை, ஒண்டுமில்லை. குடிச்சிட்டு ஓடிப் பொலிஸிட்டப் பிடிபட்டனான். கோயிலெண்டு போனது குடி வகுப்புக்கு. இப்ப ஒரு துளியும் தொடுறேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

சொல்லி முடித்தபோது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. செல்வமலர் கறிக்கு உப்புப் பார்த்தா.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"என்னெண்டு?"

"பற்றரி இறங்கிப்போச்சு, காரைப் போய் எடுத்துக்கொண்டு வாரும் எண்டு பிடிபட்ட அடுத்த நாள் என்னைத்தானே அனுப்பினனீங்கள்? பற்றரி இறங்கின கார் ஒரு திறப்பிலயே ஸ்டார்ட் வந்தது. கார் நிண்ட இடத்து முன்வீட்டு வெள்ளைக்காரன் மிச்சக் கதையைச் சொன்னவன்."

"பின்னை ஏன் இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்லை?"

"நானும் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். உண்மையான நேர்த்தி. இந்த மனுசன் குடியை விட்டு, தன்ர வாயாலயே எனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டுதெண்டால், தேருக்குப் பின்னால வீதி முழுக்கப் பிரதட்டை எண்டு."

பத்மநாதனுக்கு மனம் உருகிவிட்டது. தனக்காக இந்த மனுசி தார் ரோட்டில் உருளப் போகிறாவே.

"உமக்கேன் மலர் இந்தக் கஷ்டம்? முதுகெல்லாம் உரஞ்சுப்படுமே."

"எனக்கென்ன கஷ்டம்?" செல்வமலர் சாமித்தட்டிலிருந்து திறப்பை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டா. "கோயில் வரைக்கும் நான் கார் ஓடுறன். அங்கயிருந்து நீங்கள் உருளுங்கோ."