ஜேக் டெல்வினுக்கு ஒரு அறை

இந்த வீட்டிலிருந்து ஒரு அட்டைகூட வெளியே போகாது என்று நான் அறிவித்தபோது என் மனைவி ஜோதிமணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கத்தியின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது. உலகத்தின் பெரிய பிரகடனங்கள் எல்லாம் முதலில் இப்படித்தான் வரவேற்கப்பட்டிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பஹ்ரைனில், ஈசா டவுனில், எங்களுக்கு இரண்டு அறை ஃபிளாட். ஓர் அறையில் நாங்கள் இருக்கிறோம். மற்றதில் என் பேஸ்பால் அட்டைகள் இருக்கின்றன. பேஸ்பால் என்பது அமெரிக்காக்காரர்கள் உருட்டுக்கட்டையை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம். ஒரு காலத்தில் அங்கே சூயிங்கம் வாங்கினால் கூடவே ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று கொடுப்பார்களாம். கம்மை மென்று துப்பிவிட்டார்கள். அட்டையைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். நானும் சேர்க்கிறேன். ஆட்டத்தின் விதி எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு முழு ஆட்டம் பார்த்ததும் இல்லை. சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாம் வேதம் படித்தா கும்பிடுகிறார்கள்?

நெருக்கடி எங்கள் மகள் அகிலாவால் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து கைக்குழந்தையோடு இரண்டு மாதம் இருக்க வருகிறாள்.

"பிள்ள வாரா. எங்க படுப்பா?" என்றாள் ஜோதி.

"ஹால்ல படுக்கட்டும்."

"ஏசி எங்க இருக்கு?"

அது அட்டைகளின் அறையில் இருந்தது. இந்த ஊர் ஈரக்காற்று பட்டால் அட்டை ஊதிப்போகும். அதனால் அங்கே இரவும் பகலும் குளிர் ஓடும். அடுப்படியில் ஜோதி வெந்துகொண்டிருப்பாள். பக்கத்து அறையில் அமெரிக்காவின் செத்துப்போன ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஜில்லென்று இருப்பார்கள்.

"அட்டைக்கு ஈரம் ஆகாது ஜோதி."

"பேரனுக்கு ஆகுமோ?" என்றாள். பிறகு வெண்டைக்காயிடம் சொன்னாள்: "எங்க ஊரு வாய்க்கால்லயும் அட்டை உண்டு. காலப் புடிச்சாலும் உப்பு போட்டா விட்டுரும். இது எதப் போட்டாலும் விடமாட்டேங்குது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு இது எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் இங்கே அமெரிக்கக் கடற்படை முகாம் இருக்கும் ஜுஃபேரில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஓர் அமெரிக்காக்காரரின் கால்சட்டைப் பையில் இருந்த அட்டை, பார்க்காமல் துணியோடு மிஷினுக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது எண்ணெயில் போடாத அப்பளம் மழையில் நனைந்தது போல இருந்தது. சூட்டைக் குறைத்து, மேலே துணி விரித்து, மெல்லத் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். அட்டையில் இருப்பவர் பெயர் ஜேக் டெல்வின் என்றார். இந்த ஆள் பந்தை அடித்தால் என் அப்பா அழுவார் என்றார். நீயே வைத்துக்கொள் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ரூமில் எட்டுப் பேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே சுவரில் ஒரு படம். பெண்டாட்டி, நடிகை, முருகன், மாதா. என் சுவர் மட்டும் வெறும் சுவர். நான் டெல்வினை ஒட்டினேன். சாயம் போய், ஓரம் கரைந்து, தொப்பியும் முகமும்தான் மிச்சம். அடித்த பந்து படத்தை விட்டு வெளியே போய்விட்டது. அவர் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து எங்கே போய் விழுந்தது என்று அட்டையில் இல்லை. நானும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அந்தப் பக்கம்தான் ஊர் என்று எனக்கு ஒரு கணக்கு. ஒரு தொப்பிக்கார ஆம்பிளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி இளமையைக் கழித்தவன் திருநெல்வேலி ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு கோடைக்கு மேல் அட்டை தாங்கவில்லை. சுவரிலேயே உதிர்ந்தது. அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. முதல் ராத்திரி மற்றவர்கள் என்ன பேசுவார்களோ, நான் ஜோதியிடம் டெல்வினைப் பற்றிப் பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அவரு உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த அட்டையின் நனையாத பிரதி ஒன்றைத் தேடுகிறேன். தேடும்போது கிடைத்த மற்றவர்கள்தான் அந்த அறையை நிறைத்தார்கள். உண்மையில் அவர்கள் எல்லாரும் டெல்வின் வரும்வரை உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள்.

தேடலில் எனக்குத் துணை ஒரு குழு. வெள்ளிக்கிழமை காலையில் மக்தூமின் ஸ்டேஷனரிக் கடையில் கூடுவோம். மக்தூம் காயல்பட்டினத்துக்காரர், ஜோதிக்கு அவர் 'காக்கா', அந்த ஊர்ப் பேச்சில் அண்ணன். அவர் மனைவி ஷம்சியா எங்கள் கீழ்வீட்டுக்காரி. குழுவுக்கு இரண்டு சட்டம். ஒன்று, காசு கிடையாது. மாத்துக்கு மாத்து. இரண்டு, புதிதாகச் சேருகிறவர் தன் முதல் அட்டை எப்படிக் கிடைத்தது என்று சொல்லவேண்டும். மக்தூமுக்கு, எடைக்கு வந்த பழைய புத்தகத்தில் பக்க அடையாளமாக இருந்தது கிடைத்தது. பிலிப்பைன்ஸ்காரர் ரோமெலுக்கு அவர் அப்பா, தான் வேலைபார்த்த அமெரிக்க முகாம் சமையல்கூடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தாராம். அப்பாவின் கைவாசனை இன்னும் அதில் இருக்கிறது என்று சொல்லி முகர்ந்து பார்ப்பார். எங்களிடமும் நீட்டுவார். எங்களுக்கு அட்டை வாசனைதான் வரும். தலையாட்டுவோம். மற்றவன் இழந்ததை முகர்ந்து பார்த்துத் தலையாட்டுவதற்குத்தானே குழு.

பிரகடனம் செய்த மறுவாரம் எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு புது ஆள் வந்தார். பெயர் 'ஓல்ட் கேப்'. முகப்பில் ஒரு பழைய தொப்பி. மக்தூம்தான் சேர்த்திருந்தார். ஆள் கூச்ச சுபாவம், நேரில் வரமாட்டார், ரிஃபா பக்கம் இருக்கிறார் என்றார். வந்ததும் ஒரு படம் போட்டார். ஜேக் டெல்வின். முழுசாக. மடிப்பு இல்லாமல். நனையாமல்.

போனைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் தன் கதையை எழுதியிருந்தார். சாப்பாட்டு மேசையில் ஜோதிக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"என் முதல் அட்டை இதுதான். ஆனால் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எனக்கு இதைத் தெரியும். ஒருவர் சொல்லிச் சொல்லி, பார்க்காத முகம் பழகிப்போயிற்று. அவர் சொல்லும்போதெல்லாம் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பியதில்லை. அந்தப் பந்தின் பின்னாலேயே போய்விட்டார்."

படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். "ஆம்பளைகளுக்கும் மனசு இருக்கு பாத்தியா. பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றேன்.

"பாவந்தான்," என்று ஜோதி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அன்றைக்கே ஓல்ட் கேப்பிடம் மாற்றுக்குக் கேட்டேன். பதில் விசித்திரமாக இருந்தது. மற்ற சேகரிப்பாளர்கள் எந்த ஆட்டக்காரர், எந்த வருஷம் என்று கேட்பார்கள். இவர் அட்டைகளை அடைத்துவைத்திருக்கும் கார்ட்டன் பெட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவே இல்லை. சன்னலை மறைத்து அடுக்கியிருப்பவை முதலில் வரட்டும் என்றார். சன்னல் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்கவேண்டும். காதலிக்கிறவன் எங்கே யோசிக்கிறான்.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான திட்டம் உதித்தது. கார்ட்டன்கள் போகத்தான் போகின்றன. டெல்வினுக்காகப் போகின்றன என்று ஜோதிக்கு எதற்குத் தெரியவேண்டும்? மகளுக்காகப் போகின்றன என்று சொன்னால் என்ன? டெல்வினும் வருவார். தியாகி என்ற பட்டமும் வரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "ஜோதி, பேரனுக்கு முன்னால அட்டை எம்மாத்திரம். எடுத்துருதேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. ரொம்பத்தான் உருகிவிட்டாள் என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது. மறுநாள் சொதி வைத்தாள். எங்கள் பக்கம் புது மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது.

அதன் பிறகு வாராவாரம் நான் சுமந்தேன். கார்ட்டன்கள் மக்தூம் கடை வழியாக ஓல்ட் கேப்புக்குப் போயின. இறக்கிவைக்கும்போது மக்தூம் என் முகத்தைப் பார்க்கமாட்டார். "நல்ல மாத்து அண்ணாச்சி," என்று சீலிங்கிடம் சொல்வார். சன்னல் திறந்தது. சுவர் தெரிந்தது. நான் ஆண்டுக்கணக்கில் பார்க்காத ஒரு சுவிட்ச் வெளிப்பட்டது. ஆனால் ஓல்ட் கேப் இன்னும் இறங்கிவரவில்லை. அட்டைகள் நிற்க ரேக் வேண்டாமா என்றார். இரும்பு ரேக்கைக் கழற்றினேன். அது துருப்பிடித்ததாக இருந்தால் வேண்டாம், நின்ற இடத்தில் தரையைக் காட்டுங்கள், கறை இருக்கிறதா பார்க்கிறேன் என்றார். கறை இருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, தரை பளபளவென்று ஆன பிறகு படம் எடுத்து அனுப்பினேன். மூலையிலும் ஒரு படம் கேட்டார். மூலையையும் தேய்த்தேன்.

"நல்லா வேல செய்யுதியளே," என்றாள் ஜோதி, கதவில் சாய்ந்துகொண்டு. "ஓய்ஞ்சு ஒரு காப்பியக் குடிங்க."

கடைசியில் டெல்வின் வந்தார். மக்தூம் கையில் கொடுத்த உறையைக் கடையின் பின்னால் போய்ப் பிரித்தேன். அந்தத் தாடை. அந்த அண்ணாந்த கண். எல்லாம் இருந்தது. ஆனால் நான் நினைத்த ஆள் இல்லை. என் டெல்வின் ரொம்ப இளைத்தவர். இவர் நன்றாகச் சாப்பிட்டவர். என் டெல்வினின் தொப்பியில் எழுத்து சிவப்பு. இவருடையது நீலம். மிஷினில் போன சாயத்துக்குப் பதிலாக நானாக ஒரு சாயம் ஏற்றியிருக்கிறேன் போலும். என் சுவரில் இருந்தவர் உலகத்தில் வேறெங்கும் அச்சாகவே இல்லை என்று அப்போது புரிந்தது. புரிந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். யாரிடமும் காட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அகிலா வருவதற்கு முந்தின நாள் காலை ஜோதி அந்த அறைக்குத் திரைச்சீலை மாட்டினாள். வெளிர்நீலம், வெள்ளைப் பூப் போட்டது. அவள் ஸ்டூலில் ஏறி நின்றாள். ஆடாமல் இருக்க நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். வாயில் கொக்கிகளைக் கடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"தொப்பில எழுத்து நீலம்லா. இத்தன வருசமா செவப்புன்னு சொல்லிக்கிட்டிருந்திய."

"ஆமா, நானும் அதத்தான் பாத்தேன்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

மீதியை அவள் ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டே சொன்னாள். ஓல்ட் கேப்பின் நம்பர், மக்தூம் கடையில் சும்மா கிடந்த பழைய போனுடையது. யோசனை ஷம்சியாவுடையது. ஆங்கிலம், பாளையங்கோட்டையில் இவள் படித்த பி.ஏ.வுடையது. கார்ட்டன்கள் எல்லாம் மக்தூமின் குடோனில் குளுகுளுவென்று இருக்கின்றன. சாவி ஷம்சியாவின் கொத்தில் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்தில் கையை வீசினால் ஸ்டூல் சாயும். அதனால் ஸ்டூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கோபப்பட்டேன். அப்படிக் கோபப்படுவது ரொம்பச் சிரமம்.

பிறகு கோபம் எங்கேயோ போய்விட்டது. ஒன்றை மட்டும் கேட்டேன். "அந்த மொத அட்டக் கத. திரும்பிப் பாக்கலன்னு எழுதியிருந்தது. அதுவும் ஷம்சியா சொல்லிக்கொடுத்ததா?"

அவள் கடைசிக் கொக்கியை மாட்டினாள். சன்னலுக்கு வெளியே, எதிர் மாடியில் யாரோ உலர்த்திய துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத சொன்னாத்தான் சேப்பீயன்னு மக்தூம் காக்கா சொன்னாவ. எனக்குத் தெரிஞ்ச கத அது ஒண்ணுதான்," என்றாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். நரைத்த முடி ஒன்று அவள் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. வாயில் வந்தது வேறு.

"அகிலா ஊருக்குப் போனப்பொறவு கார்ட்டனையெல்லாம் திருப்பித் தந்துருவேல்லா?"

"குழுச் சட்டம் தெரியும்லா. மாத்துக்கு மாத்து. உங்ககிட்ட என்ன இருக்கு?"

இந்த உலகத்தில் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சட்டைப் பையிலிருந்து டெல்வினை எடுத்து அவளை நோக்கி உயர்த்தினேன்.

ஜோதி குனிந்து பார்த்தாள். திரைச்சீலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"அவரு வேண்டாம். ஊரக் காலிபண்ணிட்டுப் போன அமெரிக்காக்காரிகிட்ட இந்த ஸ்கிரீன வாங்குனேன்லா, அப்ப கொசுறா வந்தவருதான அவரு."