சட்டையோடு மூணு நானூறு

ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போடுகிறவன் சுடலைமணி. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்தே பெயர் வாங்கியவன். அப்பேர்ப்பட்டவன், தன் பிள்ளை நாலு கிலோவுக்குக் குறையாது என்று பிரசவத்துக்கு முன்பே தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். மச்சான் பூபதிராஜாவின் பிள்ளை மூன்றரைக் கிலோ. அதைத் தாண்டியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸ், "தூக்கம் ரெண்டு எண்ணூறு" என்றார். அவருக்குத் தூக்கம் என்றால் எடை. அந்தத் தூக்கம் இவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இரண்டரைக்கு மேல் இருந்தாலே நல்ல எடைதான் என்று அவர் எடுத்துச் சொன்னது காதில் ஏறவே இல்லை.

ஏழாம் நாள், வீடு வீடாகப் பச்சைப்பிள்ளைகளைப் பார்க்கிற ஆஷா சுகாதாரப் பணியாளர் செபமாலையம்மாள் தராசோடு வருவதாகத் தகவல். சுடலைமணி காலையிலேயே காரியத்தில் இறங்கினான். பிள்ளைக்கு ஸ்வெட்டர், குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ், வெள்ளி அரைஞாண், மேலே கம்பளி. குளிருக்காம். மனைவி ஆனந்தி ஒன்றும் கேட்காமல் தன் பங்குக்கு ஒரு துண்டையும் சுற்றிக் கொடுத்தாள். அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

தராசு மூன்று நானூறு காட்டியது. சுடலைமணி மீசையைத் தடவிக்கொண்டான்.

செபமாலையம்மாள் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "மொத வாரத்துல பிள்ளைக்கு எடை கொஞ்சம் எறங்கும். ரெண்டு வாரத்துல தானா பிடிச்சுக்கும். இது என்னப்பா, அறுநூறு கிராம் ஏறியிருக்கு?"

ஆனந்தி நிதானமாகக் கேட்டாள். "ஏங்க, சாக்கைக் கழிக்கலையா?"

உரிக்க உரிக்க எடை இறங்கி, இரண்டு எழுநூறில் நின்றது. பிள்ளை லயமே அதிர வீரிட்டது. நல்ல எடை, நல்ல குரல் என்று செபமாலையம்மாள் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

அவரை ரோடுவரை வழியனுப்பிவிட்டு ஓடிவந்த சுடலைமணி, மனைவியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். இது வெளியே தெரிந்தால் தராசுப் பக்கம் தலைகாட்ட முடியாது. தொண்ணூறு நாளைக்குச் சமையலும் பிள்ளைத்துணியும் அவன் பொறுப்பு என்று பேச்சு முடிந்தது.

"சத்தியமா இனிமே யாருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன்" என்றாள் ஆனந்தி.

அவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மறுநாள் குழாயடியில் அவன் துணி அலசிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு நாச்சம்மாள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "அண்ணே, மூணு நானூறுல ஸ்வெட்டர் எவ்வளவு, கம்பளி எவ்வளவு?"

குழாயடியே சிரித்தது. வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். "சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியேடி!"

ஆனந்தி பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"இனிமேன்னுதானங்க பண்ணுனேன். நீங்க ரோட்டுக்குப் போயிருந்தப்பவே எல்லாருக்கும் போன்ல சொல்லி முடிச்சிட்டேனே."