குங்குமம் வைத்த துப்பாக்கி

கடவுள் தெருவுக்கு ஒரு கிறுக்கரை அளந்துதான் கொடுக்கிறார். இலஞ்சியில் எங்கள் தெருவுக்கு அளக்கும்போது மட்டும் அவருக்குக் கை தவறிவிட்டது. பலூன் அண்ணாச்சி ஒருவரே பத்துத் தெருவுக்குக் காணும்.

சீசன் வந்தால் அண்ணாச்சி குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் பலூன் சுடுகிற கடை போடுவார். கூட்டம் பலூனுக்காக வராது, அவர் சம்சாரத்துக்காக வரும். மதினி ஏர்கன்னை வலது தோளில் வைத்து, நூலில் தொங்கும் தீக்குச்சியை இரண்டாக ஒடிப்பாள். அதைப் பார்த்த ஆம்பிளைகள் எல்லாரும் ரோஷத்தோடு வரிசையில் நின்று, மூக்குக்கு முன்னால் இருக்கிற பலூனைக்கூடச் சுட முடியாமல் திரும்புவார்கள்.

போன கார்த்திகையில் மதினிக்கு வலது பக்கம் வாதம் அடித்தது. முருகன் புண்ணியத்தில் பேச்சு வந்தது, நடையும் வந்தது. வலது கை மட்டும் முழுசாக வரவில்லை. இனிமேல் கடைப் பக்கம் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சமைத்தால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

அண்ணாச்சி யோசித்தார். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? ஆனால் துப்பாக்கியின் மரக்கட்டை வலது தோளுக்காக வளைத்தது. இடது தோளில் வைத்தால் கன்னம் படியாது, கண் குறிக்கு வராது. புதிதாக ஒரு கட்டை வேண்டும். தென்காசியில் தெரிந்த ஆசாரியிடம் போய்க் கேட்டார்.

“அண்ணாச்சி, கட்டில் கேளுங்க, செஞ்சு தாரேன். துப்பாக்கி செஞ்சேன்னு ஊருக்குத் தெரிஞ்சா என் மகளை எவன் கெட்டுவான்?” என்று ஆசாரி கும்பிட்டுவிட்டார்.

“அப்ப நானே செஞ்சுக்கிடுதேன்” என்று ஒரு வாகைப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார் அண்ணாச்சி. எங்கள் தெருவே நடுங்கியது. ஏனென்றால் அதற்கு முன்பு அவர் ஆயுசில் செய்த ஒரே மரச்சாமான் ஒரு முக்காலி. அதற்கு நாலு கால். அதில் மூன்றுதான் தரையைத் தொடும்.

முதலில் மதினியின் கை அளவு வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னால் கை நீட்ட மாட்டாள். சும்மா ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய் முழங்கை மடக்கிலிருந்து விரல் வரைக்கும் அளந்தாராம்.

“எதுக்கு அளக்குதீய?”

“வளையல் வாங்கத்தான்.”

“முழங்கை வரைக்குமா?”

“அம்புட்டுக்கும் வளையல்தான்” என்றிருக்கிறார் இந்த மனுஷர். அதிலிருந்து மதினி தினமும் வளையல் எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். சுவர்ப் பக்கம் படுத்திருந்தவள் வளையலுக்காகவாவது திரும்பினாளே என்று நான் முருகனுக்கு ஒரு விளக்குப் போட்டேன்.

முதல் கட்டை துடுப்பு மாதிரி வந்தது. அதை நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். போர்வை அடித்துத் துவைக்க அதைப்போல ஒன்று கிடையாது. இரண்டாவதில்தான் சங்கடமே வந்தது. துப்பாக்கியின் இரும்புப் பாகம் மரத்துக்குள் இறுக்கமாக உட்கார வேண்டுமாம். இரும்பில் மையைத் தடவி மரத்தில் அழுத்தினால் எங்கே முட்டுகிறதோ அங்கே கறை படியும். அந்த இடத்தை மட்டும் செதுக்கி மறுபடி அழுத்த வேண்டும். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கறுப்பு மை தடவிக் காட்டினாராம். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று அண்ணாச்சி நேரே எங்கள் பூஜை அறைக்கு வந்தார்.

“தங்கச்சி, கொஞ்சம் குங்குமம் தா. நல்லெண்ணெய் என்கிட்ட இருக்கு.”

ஒரு வெள்ளிக்கிழமை. எண்ணெயில் குழைத்த குங்குமம் பூசிய இரும்பைக் கட்டையில் செருகி, தெருவைப் பார்க்க வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் இரும்புக்கு மல்லிகைச் சரம், முன்னால் உடைத்த தேங்காய், பழத்தில் குத்திய பத்தி. மேலத்தெரு ஆச்சி ஒருத்தி சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். அண்ணாச்சி உட்கார்ந்து உளியை எடுத்தார்.

“ஏ பலூன்காரரே, சாமிய ஏன் உளிய வச்சுக் குத்துதீரு?” என்று ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டாள்.

இது துப்பாக்கி என்றார். ஆச்சி நம்பவில்லை. கும்பிட்டது கும்பிட்டதுதான், இனி அதில் உளி படக்கூடாது என்று தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆச்சி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மலையில் மேகம் கட்டியாகிவிட்டது. எந்த நேரமும் சாரல் விழும், கடை போட வேண்டும். கட்டையோ பாதியில் நிற்கிறது.

முருகனிடமே கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கோவிலில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டோம். அண்ணாச்சி கண்ணை மூடி, எல்லாருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டார்.

“முருகா, வெள்ளை வந்தா செதுக்குதேன். சிவப்பு வந்தா மெதுவாச் செதுக்குதேன்.”

ஆச்சி பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. வேண்டுதல் அப்படி இருக்க, அவளால் என்ன செய்ய முடியும்? “மெதுவாச் செதுக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அண்ணாச்சி அந்த மரத்தைத் தூங்குகிற பிள்ளைக்கு நகம் வெட்டுவது போலச் செதுக்கினார். அவசரப்பட முடியாமல் போனதால்தானோ என்னவோ, இந்தத் தடவை கட்டை துப்பாக்கிக் கட்டையாகவே வந்தது.

சாரல் விழுந்தது. அருவியில் குளித்தால் கைக்கு நல்லது என்று மதினியை ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோ கடை முன்னால் நின்றது. அண்ணாச்சி குழலை மடக்கிக் குண்டு போட்டு, முன்பாகம் கடை வாசல் மேசையில் தாங்கும்படி வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

“வளையல் கேட்டா என்னத்தத் தாரீய?” என்றாள். ஆனால் இடது கை தானாகப் போய்விட்டது. கட்டையைத் தடவிப் பார்த்தாள், தோளில் வைத்தாள், கன்னத்தைச் சாய்த்தாள். நான் கந்தா கடம்பா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் குண்டு பலூன் கட்டிய பலகையில். அடுத்ததும் பலகையில். அண்ணாச்சி மறுபடி மடக்கிக் கொடுத்தார். டப்பென்று ஓரத்து மஞ்சள் பலூன் உடைந்தது. நனைந்துகொண்டு நின்ற கூட்டம் விசிலடித்தது.

மதினி துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “கட்டை ஒரு விரற்கடை நீளம் கூடிப்போச்சு.”

அவர் இடுப்பில் செருகியிருந்த அரத்தை உருவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

இன்னும் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு குறை மதினி கண்டுபிடித்துச் சொல்கிறாள், அவர் குங்குமம் கேட்டு வருகிறார். இப்போதெல்லாம் குங்குமச் செப்பை நிரப்பும்போது அவருக்கும் சேர்த்தே நிரப்புகிறேன். அவர் வந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போன பிறகுதான் எனக்குப் பூஜை முடிகிறது.