என் தோட்டத்தில் ஒரு தவளைகூட இல்லை

பாஹோவா, ஹவாய்த் தீவு
ஜூலை 19

பாசமுள்ள ஃபுமியே அக்காவுக்கு, தம்பி வாலஸ் ஹமசாகி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் ஒன்பது கோழிகளும் சுகம். அங்கே ஹொனலுலுவில், பதினோராவது மாடியில், நீயும் உன் முழங்காலும் சுகமாக இருக்கப் புத்தரை வேண்டிக்கொள்கிறேன். உன் மகன் கென்னத்திடம் கொடுத்தனுப்பிய பெரணித் தொட்டி வந்து சேர்ந்ததா? விமான நிலையத்துச் செடிச் சோதனைக்காரர்கள் கண்ணில் படாமல் கொண்டுபோகிறேன் என்றான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

ஏப்ரலில் தொலைபேசியில், "என்னடா வாலஸ் அது, யாரு வீட்டுல அலாரம் விடாம அடிக்குது?" என்று கேட்டாய். அலாரம் இல்லை, கோக்கித் தவளை, கட்டைவிரல் அளவுதான், ராத்திரி முழுக்கக் கத்தும் என்றேன். "ஆகஸ்ட்ல ஓபோன் திருவிழாவுக்கு வருவேன். அன்னிக்கு உன் தோட்டத்துல ஒரே ஒரு தவளை கத்தினாலும் வீட்டப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பற. சின்ன ரூம ஒழிச்சு வச்சுட்டேன்" என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். அறுபத்தெட்டு வருஷமாக உன் பேச்சை நான் தட்டியதில்லை. இப்போது தட்டுகிறேன். நான் வர மாட்டேன் அக்கா. என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த ஷிசுயே தன் கையால் வைத்த ஆந்தூரியப் பூச்செடிகள் இங்கே இருக்கின்றன. அவள் கண்ணை மூடிய பிறகு நான் பேசுவது அவற்றோடுதான். அவற்றை விட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்து போக்குவரத்தைப் பார்க்க என்னால் முடியாது.

தவளையை ஒழிக்க என்ன வழி என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து முதலாளிகள் எலியைத் தின்னக் கீரியைக் கொண்டுவந்து விட்டார்களே, எலி இரவில் திரிந்தது, கீரி பகலில் திரிந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை, இன்றைக்கு இரண்டும் நம் தலைமேல்தான். அந்த முட்டாள்தனத்தை நான் செய்வேனா? கோழி வாங்கினேன். கோழியும் பொழுது சாய்ந்தால் தூங்கும்தான், ஆனால் தவளை பகலில் சருகுக்கடியில் தூங்கும், கோழி சருகைக் கிளறும், கணக்கு சரிதானே? கோழிகள் என் சருகை இரண்டு நாள் கிளறிவிட்டு மூன்றாம் நாள் எதிர்வீட்டு லோர்னாவின் சேப்பங்கிழங்குப் பாத்தியைக் கிளறின. "உன் கோழி தவளை தின்னுதோ இல்லையோ, என் சோத்த தின்னுது!" என்று அவள் வேலியில் நின்று கத்தினாள். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போகலாமா? காட்டோரம் ஈர நிழலில் இருந்த ஆந்தூரியத் தொட்டிகளில் நான்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோழிகள் மறுபடி போயின, நானும் மறுபடி தொட்டியோடு போனேன். மிச்சத்தைத் திருவிழா விற்பனைக்கென்று கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். ஷிசுயே தரையில் நட்டவை மட்டும் இருக்கின்றன.

கேள் அக்கா, ஒரு வாரமாக என் தோட்டத்தில் சத்தமே இல்லை! தவளையை எது தின்கிறது என்று ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து கேயாலா என்ற பெண் வந்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓஹியா மரக்காட்டில் கீரியும் எலியும் பிடித்து வயிற்றைத் திறந்து பார்க்கிறாள். என் கோழிகளின் எச்சத்தையும் கரைத்துப் பார்த்தாள்.

"அங்கிள், கரப்பான் கால் இருக்கு, பப்பாளி விதை இருக்கு, ஒரு சட்டைப் பட்டன்கூட இருக்கு. தவளையோட எலும்பு ஒண்ணுகூட இல்ல."

"எலும்பையும் செரிச்சிருக்கும். என் கோழியப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

படித்த பெண், பாவம், பட்டனை மட்டும் கழுவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆகவே அக்கா, தாராளமாக வா, காதைத் தீட்டிக்கொண்டு வா, கேட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போ. உனக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்கு நல்ல மருத்துவரும் கிடைக்கட்டும்.

உன் பேச்சைத் தட்டிய தம்பி,
வாலஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் லோர்னா வந்துவிட்டாள். "உன் தோட்டம் ஏன் ஊமையாச்சுன்னு இப்பத்தான் புரியுது. உன் தவளையெல்லாம் என் வீட்டு வாசல்ல கத்துது!" கோயிலிலும் அதே கதையாம், பிரார்த்தனையே கேட்கவில்லையாம். கேயாலா நான் லோர்னாவுக்குக் கொடுத்த தொட்டிகளின் ஈர மண்ணைக் கிளறி, முட்டையும் குஞ்சுத் தவளையுமாக இருப்பதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், இந்தக் காட்டுல தவளையத் தின்ன ஆளில்ல. ஆனா ஏத்திட்டுப் போய் வீடு வீடா இறக்கிவிட ஒரு டாக்ஸி இருக்கு. நீங்கதான்!"

சிரித்துவிட்டுப் போகட்டும். இப்போதுதான் கென்னத்தும் அழைத்தான். பதினோராவது மாடியில் நாலு நாளாகத் தூக்கம் இல்லையாமே? பெரணித் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்று. அப்படியும் அடங்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே கிளம்பி வா. என் தோட்டத்தில் ஒரு தவளைகூட இல்லை. சின்ன அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.